திருவேங்கடத்தில் இறக்கிவிட்டது யார்?

பிலேயாமின் கழுதை படுத்துக்கொண்ட இடத்தில்தான் எனக்கு இந்த யோசனை வந்தது.

ஹட்டனில் எங்கள் தோட்டத்துச் சபையில் அன்று போதகர் எண்ணாகமத்திலிருந்து பேசிக்கொண்டிருந்தார். பிலேயாம் என்கிற தீர்க்கதரிசியை ஒரு ராஜா ஆள் அனுப்பிக் கூப்பிடுகிறான். போகலாமா என்று பிலேயாம் கடவுளைக் கேட்கிறான். போகாதே என்கிறார். மறுபடி ஆள் வருகிறது, மறுபடி கேட்கிறான். சரி, எழுந்து போ என்கிறார். விடிந்ததும் கழுதைமேல் சேணம் கட்டிப் புறப்படுகிறான். இரண்டு வசனம் தள்ளிப் பார்த்தால், அவன் போகிறான் என்று கடவுளுக்குக் கோபம். வழியில் தூதன் உருவிய வாளோடு நிற்கிறான். அவனைப் பார்த்த கழுதை விலகுகிறது, சுவரோடு ஒட்டுகிறது, கடைசியில் படுத்தே விடுகிறது.

போ என்று சொன்னவரே ஏன் போனாய் என்று கோபித்தால் மனிதன் என்னதான் செய்வான்?

இதற்காகவே நான் ஒரு நோட்டு வைத்திருக்கிறேன். பட்டப்படிப்பை முடித்துவிட்டு ஆசிரியர் நியமனத்துக்குக் காத்திருப்பவளுக்கு வேறு என்ன வேலை? பக்கத்தின் நடுவில் ஒரு கோடு. இடது பக்கம் ‘அவர் நடத்துகிறார்’, வலது பக்கம் ‘நீ தேர்ந்துகொள்’. மனிதனுடைய வழி அவன் கையில் இல்லை என்று எரேமியா சொல்வது இடது பக்கம். யாரைச் சேவிப்பீர்கள் என்று இன்றைக்கே முடிவு செய்யுங்கள் என்று யோசுவா கேட்பது வலது பக்கம். பிலேயாமை எங்கே எழுதுவது என்று பேனாவைக் கடித்துக்கொண்டு நிமிர்ந்தேன். முன்வரிசையில் அப்பா, பாட்டுப் புத்தகத்துக்கு அடியில் போனை வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆராதனையில் போன் பார்க்கிற மனிதரே இல்லை அவர். தேயிலை ஃபேக்டரியில் முப்பது வருடம் வேலை பார்த்தவர், மெஷின் பக்கம் போன் கூடாது என்பது போலக் கோயில் பக்கமும் கூடாது என்பார். தவறிய அழைப்புகளை ஒவ்வொன்றாகப் பார்த்து, தெரியாத நம்பரையெல்லாம் விரலால் தள்ளி அழித்தார்.

"யாரோட போன் கோலுக்குக் காத்துக்கிட்டு இருக்காரு?" என்று அம்மாவின் காதில் கேட்டேன்.

"சங்கரன்கோவில் கோயில்பிள்ளை மாமாவோட கோலுக்கு. பொண்ணு வீட்டுல இருந்து முதல்ல பேசினா அதுதான் தேவசித்தம்னு ஜெபத்துல கேட்டிருக்காரு. வெளிய சொல்லிடாத. அண்ணன்கிட்டயும்தான்."

எனக்கு அப்போதுதான் விளங்கியது. என் அண்ணன் டேனியல் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் வாத்தியார். போன வருடம், எங்கள் பூட்டன் புறப்பட்டு வந்த ஊரைப் பார்க்க வேண்டும் என்று பனவடலிசத்திரத்துக்குப் போனான். பக்கத்துச் சங்கரன்கோவிலில் தூரத்து உறவான கோயில்பிள்ளை மாமா வீட்டில் இரண்டு நாள் தங்கினான். திரும்பி வந்ததும், மாமாவின் மகள் பியூலாவை அவனுக்குக் கேட்கலாமே என்று பாளையங்கோட்டை உறவுக்காரர் ஒருவர் பேச்சை எடுத்தார். எங்கள் வீட்டில் ஜெபித்துவிட்டுச் சொல்கிறோம் என்றார்கள். அவர்களும் அதையே சொன்னார்கள். அந்த உறவுக்காரர் இந்த வீட்டு நம்பரை அந்த வீட்டிலும் அந்த வீட்டு நம்பரை இந்த வீட்டிலும் கொடுத்துவிட்டு, இனி நீங்களாச்சு ஆண்டவராச்சு என்று ஒதுங்கிக்கொண்டார். எட்டு மாதம் ஆகிறது.

நான் போய்ப் பார்த்தால் என்ன?

மதுரையில் ஒரு சிநேகிதியின் கல்யாணம் வந்தது. கல்யாணத்துக்குப் போய்விட்டு வருகிறேன் என்று வீட்டில் சொன்னது பொய்யில்லை. அதற்குப் பிறகு மூன்று நாள் இருக்கிறது என்பதைச் சொல்லவில்லை, அவ்வளவுதான். எனக்கு நானே போட்டுக்கொண்ட நிபந்தனை ஒன்று: மாமா வீட்டுக்கு முன்கூட்டிப் போன் செய்யக் கூடாது. செய்தால் எங்கள் வீடு முதலில் பேசியதாகிவிடும், அப்பா கேட்ட அடையாளம் பாழாகிவிடும். ஆக, சொல்லாமல் கொள்ளாமல் கதவைத் தட்ட வேண்டும்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் கோவில்பட்டி பஸ் நிலையத்தில் நின்றேன். எங்கள் ஊரில் வெயில் என்றால் துணி காயும். இங்கே ஆளே காய்கிறார்கள். தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவளுக்குத் தலைவலிக்கு மருந்து தேநீர்தான்.

"அண்ணாச்சி, ஒரு பிளேன்டீ."

டீக்கடைக்காரர் கையில் இருந்த பால் சட்டியைக் கீழே வைத்தார். "பால் இல்லாமலா?"

"ஆமா."

"வயித்துக்குச் சரியில்லையோ?"

நன்றாகத்தான் இருக்கிறது என்றேன். அவர் நம்பவில்லை. கறுப்பாக ஒரு கிளாஸ் கொடுத்துவிட்டு, கேட்காமலே எலுமிச்சையும் பிழிந்து, "பஸ் ஏறுறதுக்கு முன்ன பாத்ரூம் அந்தப் பக்கம் இருக்கு" என்று கையையும் காட்டினார்.

அடுத்து வந்த பஸ்ஸில் சீட் இருந்தது. சங்கரன்கோவில் போகுமா என்று கண்டக்டரிடம் கேட்டேன்.

"திருவேங்கடம் போயி மாறிக்கிடுங்க. அங்கன எறங்குன ஒடனே வண்டி நிக்கும்."

அரை மணி நேரம் காத்திருந்தால் நேர் பஸ் வரும் என்று பக்கத்தில் ஒருவர் சொன்னார். எனக்கு எங்கேயும் அரை மணி நேரம் நிற்கத் தெரியாது. ஏறிவிட்டேன். ஜன்னலுக்கு வெளியே கரிசல் மண், வெடிப்பு வெடிப்பாக, கண் போகிற தூரத்துக்குச் சமதளம். மேடே இல்லாத பூமியை நான் அவ்வளவு நேரம் பார்த்ததில்லை. ஆங்காங்கே காற்றாலைகள் மட்டும் தலையைச் சுற்றிக்கொண்டு நின்றன.

திருவேங்கடத்தில் இறங்கினேன். வண்டி நிற்கவில்லை. ஒரு மணி நேரம் போயும் வரவில்லை. இரண்டு டவுன் பஸ் வந்து வேறு எங்கோ போயின. நிழலில் இருந்த பெஞ்சில் உட்கார்ந்து நோட்டைப் பிரித்தேன். பக்கத்தில் தலை நிறையப் பூவும் மடி நிறைய முறுக்குப் பையுமாக ஓர் அம்மா.

"எந்தூரும்மா நீ?"

"இலங்கை. ஹட்டன்."

"அங்கன சண்டையெல்லாம் முடிஞ்சிட்டா?"

"முடிஞ்சு ரொம்ப வருஷம் ஆச்சும்மா."

"அப்ப சரி." ஒரு முறுக்கை எடுத்து என் கையில் வைத்தார். "என்னத்த எழுதுத?"

வேதாகமத்தில் ஒரு வசனம் எல்லாம் கடவுள் நடத்துவது என்கிறது, இன்னொரு வசனம் நீயே முடிவு செய் என்கிறது, இரண்டும் ஒத்துப்போகவில்லை என்று சொன்னேன். அவர் முறுக்கைக் கடித்துக்கொண்டே கேட்டார்.

"உங்கள்ல ரெண்டு வசனம்தான சண்டை போடுது. எங்க சங்கரங்கோயில்ல ரெண்டு சாமிய வச்சே சண்டை. சிவன் பெருசா பெருமாள் பெருசான்னு ரெண்டு நாகராசா அடிச்சுக்கிட்டாவ. அம்மன் தவசு இருந்து கேட்டா. பாதி இவரு, பாதி அவருன்னு ஒரே உடம்பா வந்து நின்னுட்டாரு சாமி."

"அதோட சண்டை முடிஞ்சிட்டா?"

"சாமிக்கு முடிஞ்சிட்டு. எங்க வீட்டுல எம் மாமனாரும் கொழுந்தனும் பட்டையா நாமமான்னு இன்னும் மொகம் குடுத்துப் பேசிக்கிட மாட்டாவ."

நோட்டின் நடுக்கோட்டைப் பார்த்தேன். பாதி இவர், பாதி அவர். எங்கள் ஆட்கள் இதை ஒத்துக்கொள்வார்களா என்று யோசித்துக்கொண்டிருக்கும்போது, கழுத்தில் அடையாள அட்டையும் தோளில் சாப்பாட்டுப் பையுமாக ஒரு பெண் வந்து தூணோரம் நின்றாள். இடது புருவத்தின் நடுவே ஒரு தழும்பு. அந்தப் புருவத்தை அண்ணனின் போனில் எத்தனையோ தடவை திருட்டுத்தனமாகப் பார்த்திருக்கிறேன்.

"பியூலா அக்காவா?"

"ஆமா. நீங்க?"

"நான் கெசியா. டேனியலோட தங்கச்சி."

அவள் பையின் வாரை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். வாங்க என்றோ எப்போது வந்தீர்கள் என்றோ கேட்கவில்லை. "போன் எதுவும் வரலியே" என்றாள். அதுதான் அவள் என்னிடம் பேசிய முதல் வாக்கியம்.

பியூலாவுக்கு இங்கே தாலுகா ஆபீசில் வேலை. தினமும் இந்தப் பஸ்ஸில்தான் வீட்டுக்குப் போகிறாளாம். பஸ் வந்தது. சங்கரன்கோவில் போய்ச் சேரும்வரை என் அண்ணனைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஆனால் ஹட்டனில் எத்தனை மாதம் குளிரும், கம்பளி ஒன்று போதுமா இரண்டு வேண்டுமா, காலையில் தண்ணீரில் கை வைக்க முடியுமா என்றெல்லாம் கேட்டாள்.

நான் பொறுமையில்லாமல் தப்பான பஸ்ஸில் ஏறினேன். அதனால் சரியான ஆளிடம் போய்ச் சேர்ந்தேன். இதை எந்தப் பக்கம் எழுதுவது? கண்டக்டர் தவறாகச் சொன்னதைக் கடவுள் கணக்கிலா, என் அவசரத்தை என் கணக்கிலா? எழுதாமல் மூடி வைத்தேன்.

கோயில்பிள்ளை மாமா வீட்டின் முன்பகுதிதான் அவருடைய கடை. மோட்டாருக்குக் காயில் கட்டுகிறார். வார்னிஷ் வாடை தெருவிலேயே வரவேற்றது. செம்புக் கம்பியைச் சுற்றிக்கொண்டிருந்தவர் என்னைப் பார்த்தார், பியூலா சொன்னதைக் கேட்டார், உடனே சட்டைப் பையிலிருந்து போனை எடுத்துப் பார்த்தார். எனக்கு எங்கள் அப்பாவே ஞாபகத்துக்கு வந்தார்.

"அப்பா அனுப்புனாவளாம்மா?"

"இல்ல மாமா. நான் இங்க வந்ததே அப்பாவுக்குத் தெரியாது."

அவர் முகத்தில் வந்த வெளிச்சம் அப்படியே அணைந்தது. "அப்ப ஒண்ணும் ஆகல" என்றார்.

உள்ளேயிருந்து ஜெயராணி அத்தை வந்தார். "ஒண்ணும் ஆகலியா? புள்ள கடல் தாண்டி வந்து நடுவீட்டுல நிக்கா. இதுக்கு மேல என்ன ஆகணும்ங்கிய?"

"நான் ஆண்டவருட்ட கேட்டது போனு. மாப்ள வீட்டுல இருந்து மொதல்ல போன் வந்தா ஒமக்குச் சித்தம்னு எடுத்துக்கிடுதேன்னு சொல்லியிருக்கேன். ஆளு வரும்னு கேக்கலியே."

இங்கேயும் அதே ஜெபம்.

"போனை விட ஆளு பெருசுல்லா?" என்றார் அத்தை.

"கிதியோன் என்ன கேட்டான்? தோலு நனையணும், தரை காயணும்னு கேட்டான். அன்னைக்கு ராத்திரி மழை பேஞ்சிருந்தா அதை அடையாளம்னு எடுத்திருப்பானா? மழை பனியை விடப் பெருசுதான்."

கிதியோன் கதை எனக்கும் தெரியும். போருக்குப் போகலாமா என்று தெரிந்துகொள்ள ஆட்டுத்தோலைக் களத்தில் போட்டு, அதன்மேல் மட்டும் பனி பெய்யட்டும் என்று கேட்டவன். கேட்டபடியே நடந்தது. அது போதாமல் மறுநாள், தோல் காயட்டும், தரை நனையட்டும் என்றும் கேட்டான். அதுவும் நடந்தது. இதே வேதாகமம்தான் வேறோரிடத்தில் கர்த்தரைச் சோதித்துப் பார்க்காதே என்கிறது. கிதியோன் செய்தது சோதனையில்லாமல் வேறென்ன? மாமாவிடம் கேட்டேன்.

"அவன் பயந்துபோயிக் கேட்டான். நானும் பயந்துபோயித்தான் கேட்டிருக்கேன்" என்றார். "ஒரே மகள்லா. கடல் தாண்டிப் போணும்."



தோசை சுட்டுக்கொண்டே அத்தை மெதுவாகச் சொன்னார், திசையன்விளையில் ஒரு மாப்பிள்ளை வீட்டார் கேட்டு அனுப்பியிருக்கிறார்கள். நாளை மறுநாள், ஞாயிறு சாயங்காலம் ஆறு மணிக்குப் பெண் பார்க்க வருகிறார்கள். அதற்குள் ஹட்டனிலிருந்து போன் வராவிட்டால் மாமா அவர்களுக்கு வாக்குக் கொடுத்துவிடுவார்.

மூன்றாவது தோசையை வேண்டாம் என்றேன். அப்பாவும் இப்படியேதான் காத்திருக்கிறார் என்று சொல்லிவிடலாமா? வெளியே சொல்லமாட்டேன் என்று அம்மாவுக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன். அதை மீறிச் சொல்லி, மாமா போன் செய்தால், அது அப்பாவுக்கு அடையாளமா, நான் கொடுத்த துப்பா? எதிர்ப்பக்கமாக, அப்பாவிடம் சொல்லி அவர் போன் செய்தாலும் இதே கதை. இரண்டு நல்ல மனிதர்கள், ஒரே கடவுள், ஒரே கேள்வி. ஒருவருக்குச் சம்மதம் கொடுத்தால் இன்னொருவருக்கு இல்லை என்று ஆகிவிடும்படி இருவரும் கேட்டுவைத்திருக்கிறார்கள்.

சனிக்கிழமை காலையில் அத்தை எங்கள் இருவரையும் புளியங்குடிக்கு அனுப்பினார், மறுநாள் விருந்தாளிகளுக்கு எலுமிச்சம்பழம் வாங்க. திசையன்விளைக்காரர்களுக்கு ஜூஸ் போட என் கையாலேயே பழம் பொறுக்க வேண்டியிருந்தது. சந்தை முழுவதும் மஞ்சள். எங்கள் ஊரில் எலுமிச்சையை எண்ணி வாங்குவோம். இங்கே கூடை கூடையாகக் கொட்டிக் குவித்து அதன் நடுவில் நின்று பேசுகிறார்கள்.

"எங்க அண்ணன் இங்க இருந்து ஒரு ஊறுகாய் பாட்டில் கொண்டுவந்தான்" என்றேன். "ஊறுகாய் தீர்ந்து போச்சு. பாட்டிலை யாரையும் தொட விடமாட்டான். மேசையில வச்சுப் பேனா போட்டு வச்சிருக்கான்."

பியூலா ஒரு பழத்தை மோந்து பார்த்துவிட்டுத் திரும்ப வைத்தாள். "அதுல மூடி சரியா மூடாது. சொல்லித்தான் குடுத்தேன்."

திரும்பும் வழியில் பஸ் நின்றது. டயர் பஞ்சர். எல்லோரும் இறங்கி ரோட்டோரப் புளியமரத்து நிழலுக்குப் போனோம். பிலேயாமின் கழுதை படுத்த மாதிரியே ஒரு பக்கம் சாய்ந்து நின்றது வண்டி. தூதன் யாராவது தெரிகிறானா என்று முன்பக்கம் போய்ப் பார்த்தேன். ஜாக்கியோடு டிரைவர்தான் இருந்தார்.

"எவ்வளவு நேரமாகும் அண்ணாச்சி?" என்று யாரோ கேட்டார்.

"வண்டிட்டதான் கேக்கணும்" என்றார் கண்டக்டர்.

அந்த நிழலில் நான் அம்மாவுக்குக் கொடுத்த வாக்கை உடைத்தேன். பியூலாவிடம் மட்டும். எங்கள் அப்பாவும் இதே ஜெபத்தைத்தான் செய்து, உங்கள் வீட்டுப் போனுக்குத்தான் எட்டு மாதமாகக் காத்திருக்கிறார் என்றேன். அவள் முதலில் நம்பவில்லை. பிறகு சிரித்தாள். எலுமிச்சைப் பையைக் கீழே வைத்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொள்கிற அளவுக்குச் சிரித்தாள். பிறகு நிறுத்திவிட்டாள்.

"எங்கப்பாவும் உங்கப்பாவும் ஆண்டவருக்கு ரெண்டே ரெண்டு நம்பர்தான் குடுத்திருக்காவ" என்றாள். "எந் நம்பரை யாருமே குடுக்கல."

கொஞ்ச நேரம் டயர் கழற்றுவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நான் ஒரு தடவை போன் பண்ணுனேன் கெசியா. மூணு மாசத்துக்கு முன்ன. வெளிநாட்டுக்குப் பேசுற ரீசார்ஜ் போட்டு, காலண்டர்ல எழுதியிருந்த உங்கப்பா நம்பருக்கு. ஆபீஸ் மாடிப்படில நின்னு. ரெண்டு தடவை முழுசா அடிச்சு ஓஞ்சிட்டு. ஆண்டவர் வேண்டாம்ங்காருன்னு எடுத்துக்கிட்டேன்."

எனக்குப் பாட்டுப் புத்தகத்துக்கு அடியில் நகர்ந்த அப்பாவின் விரல் நினைவுக்கு வந்தது. ஒரு தடவை இந்திய நம்பரிலிருந்து, உங்களுக்குப் பரிசு விழுந்திருக்கிறது என்று யாரோ பேசி அப்பாவை நன்றாக ஏமாற்றிவிட்டார்கள். அன்றிலிருந்து மாமாவின் நம்பரைத் தவிர எந்த இந்திய நம்பரையும் அவர் எடுப்பதில்லை. அழித்துவிடுவார். பெண் வீட்டுப் போன் வரட்டும் என்று முழங்காலில் நின்று கேட்டவர், பெண்ணே அடித்த போனை மோசடிக்காரன் என்று தள்ளிவிட்டிருக்கிறார்.

அதை அவளிடம் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை.

"அப்ப ஆண்டவர் வேண்டாம்னு சொல்லலியா, சொன்னாரா?"

"தெரியல."

"நீதான நோட்டு வச்சிருக்க."

நோட்டில் ஒரு வசனம் மட்டும் நடுக்கோட்டின் மேலேயே படுத்திருக்கிறது. பவுல் பிலிப்பி ஊர்க்காரர்களுக்கு எழுதியது. முதல் பாதியில், நடுங்கிக்கொண்டே நீங்களே பாடுபடுங்கள் என்கிறார். அடுத்த பாதியில், ஏனென்றால் விரும்புவதையும் செய்வதையும் உங்களுக்குள் உண்டாக்குகிறவர் கடவுள்தான் என்கிறார். ஒரே மூச்சில் இரண்டும். இரண்டு பக்கத்திலும் இடம் போதாமல் கோட்டை மறைத்து எழுதியிருந்தேன். காட்டினேன். பியூலா இரண்டு தடவை படித்தாள்.

"எனக்கு அவியளப் பிடிக்கணும்னு நான் ஜெபம் பண்ணல ஏட்டி. பிடிச்சது போயிரணும்னுதான் பண்ணுனேன். எட்டு மாசமாப் போகல. இதை எங்க எழுதுவ?"

டிரைவர் ஹாரன் அடித்தார். எல்லோரும் ஏறினோம். நான் எங்கேயும் எழுதவில்லை.

மத்தியானம் மாமா எனக்காகக் கடையிலிருந்து மட்டன் பிரியாணி வாங்கி வந்திருந்தார். சின்ன அரிசி, நெய் வாசம், கறி எலும்பிலிருந்து தானாகக் கழன்றது. எங்கள் வீட்டு ரொட்டியும் மிளகாய் இடித்த கட்டைச் சம்பலும் என்னை மன்னிக்க வேண்டும். சாப்பிட்டுக்கொண்டே தைரியமாக ஒரு கேள்வி போட்டேன்.

"மாமா, பேச்சுக்குச் சொல்றேன். அங்கயும் ஒருத்தர் இதே மாதிரி, நீங்க முதல்ல பேசணும்னு காத்துக்கிட்டு இருந்தா?"

மாமா எலும்பைத் தட்டின் ஓரத்தில் வைத்தார். "அப்படி ஒருத்தர் இருந்தா நல்ல மனுசன்னு அர்த்தம். சம்பந்தம் பண்ணலாம்."

"அப்ப போன் பண்ணுங்களேன்."

"நான் பண்ணுனா என் ஜெபம் என்னாவது?"

பவுலைப் பற்றிக் கேட்டேன். எருசலேமுக்குப் போ என்று ஆவியானவர் தன்னைக் கட்டி இழுக்கிறார் என்கிறார் பவுல். அடுத்த அதிகாரத்தில் சீஷர்கள் அதே ஆவியானவரால் போகாதே என்று சொல்கிறார்கள். யார் சொல்வது சரி?

மாமா கரண்டியைக் கையில் எடுத்தார். "பவுல் போயிட்டாருல்லா?"

"போயிட்டாரு."

"அங்கன போயி என்ன ஆச்சு?"

"பிடிச்சுக் கட்டிட்டாங்க."

"அப்ப ரெண்டு பேரும் சொன்னது சரிதான்" என்று சொல்லிவிட்டு எனக்கு இன்னும் ஒரு கரண்டி வைத்தார். இப்போதுவரை அந்தப் பதிலை நான் மென்றுகொண்டிருக்கிறேன்.

ஞாயிறு காலை ஆராதனை. மாமாவின் சட்டைப் பையில் போன் இருந்தது, சத்தத்தை மட்டும் குறைத்திருந்தார். ஜெபத்துக்குக் கண்ணை மூடும்போதும் ஒரு கை நெஞ்சின்மேல் இருந்தது. அந்நேரம் கடலுக்கு அந்தப் பக்கம் எங்கள் அப்பாவும் அப்படித்தான் உட்கார்ந்திருப்பார்.

கோயிலிலிருந்து நடந்து வரும்போது பியூலாவிடம் என் திட்டங்களைக் கொட்டினேன். முதல் திட்டம்: அண்ணனுக்குச் சொல்லி அப்பாவையும், இங்கே நாம் மாமாவையும், சரியாக ஒரே நிமிடத்தில் போன் அடிக்க வைப்பது.

"ரெண்டு பேருக்கும் லைன் பிஸின்னு வரும்" என்றாள் பியூலா.

அதை நான் யோசிக்கவில்லை. இரண்டாம் திட்டம்: என் போனிலிருந்து பியூலா எங்கள் அப்பாவிடம் பேச வேண்டும். என் நம்பர் என்பதால் எடுத்துவிடுவார், பெண் வீட்டுக் குரலும் கேட்டுவிடும். அப்படியே போனை மாமா கையில் கொடுத்தால், அது மாப்பிள்ளை வீட்டு நம்பர். இரண்டு ஜெபமும் நிறைவேறிவிடும். இதைக் கண்டுபிடித்ததற்காக எனக்கே என்மேல் மரியாதை வந்திருந்தது.

"ஆண்டவரையா ஏமாத்தச் சொல்லுத? ரெண்டு கெழவனுவள ஏமாத்தலாம். அவரை வேண்டாம்" என்றாள்.

மத்தியானச் சாப்பாட்டில் அவளே ஆரம்பித்தாள். "அப்பா, அஞ்சு மணிக்கு நான் ஒரு போன் பண்ணப் போறேன். நீங்க பக்கத்துல இருக்கணும்."

"யாருக்கு?"

"ஹட்டனுக்கு. எம் போன்ல இருந்து."

மாமாவின் கை சோற்றில் நின்றது. "என் ஜெபம்?"

"அதை நான் தொடலப்பா. அது அவிய வீட்டுல இருந்து போன் வாரது பத்தி. இது நான் பண்ணுத போனு. எனக்கு அங்கன போக இஷ்டம்னு நானே சொல்லப் போறேன். நீங்க பண்ணுன ஜெபத்துல எம் பேரு இருந்துச்சா?"

அத்தை அப்பளத்தை நொறுக்குவதை நிறுத்தினார். மாமா எழுந்து கை கழுவப் போனார். குழாயில் வெகுநேரம் தண்ணீர் ஓடியது. துண்டில் கையைத் துடைத்துக்கொண்டே வாசற்படியில் நின்றவர், எங்களைப் பார்க்காமல் கேட்டார்.

"ரீசார்ஜ் இருக்கா?"

அந்தக் கேள்வியைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்வதா, ஒரு தகப்பனின் பழக்கம் என்று எடுத்துக்கொள்வதா, எனக்குத் தெரியவில்லை. பியூலாவுக்கும் தெரியவில்லை. இருக்கு என்றாள்.

என் போனில் இதை எழுதும்போது மணி நாலரை. நல்லவேளை, இரண்டு ஊருக்கும் ஒரே நேரம். கடையில் மோட்டார்களை ஒதுக்கிவிட்டு மாமா மேசையைத் துடைத்து வைத்திருக்கிறார். பியூலாவின் போன் அதன்மேல் இருக்கிறது. எனக்குள்ள கவலை ஒன்றுதான்: அப்பா எடுக்க மாட்டார். தெரியாத இந்திய நம்பர். ஐந்து மணிக்கு வரும் போனை அப்பாவை எடுக்கச் சொல்லு என்று அண்ணனுக்கு ஒரு செய்தி தட்டினேன். பியூலா எட்டிப் பார்த்துவிட்டு, எடுக்கச் சொல்லு என்கிற இடத்தைத் தன் விரலாலேயே அழித்தாள்.

"பக்கத்துல வச்சுக்கிடச் சொல்லு. எடுக்குதது அவிய இஷ்டம்."

அப்படியே அனுப்பினேன். அப்பாவின் போன் ஐந்து மணிக்கு அவர் பக்கத்தில் இருக்கட்டும், சார்ஜ் இருக்கட்டும். அவ்வளவுதான். இந்த ஒரு வரியாலேயே நான் கடவுளின் வேலையில் கை வைத்துவிட்டேனா, இல்லை இதைச் செய்யத்தான் திருவேங்கடத்தில் இறக்கிவிடப்பட்டேனா? நோட்டு பூட்டிய பையில் இருக்கிறது. இன்றைக்கு அதை எடுப்பதாக இல்லை.

செய்திக்கு இன்னும் ஒற்றை டிக்தான். மலையில் மழை பெய்தால் டவர் போய்விடும்.

ஐந்து மணிக்கு முதல் தடவை. எடுக்காவிட்டால் ஐந்தே காலுக்கு. அதற்கும் எடுக்காவிட்டால் ஐந்தரைக்கு. மூன்று தடவைக்கு மேல் போவதில்லை என்று பியூலா சொல்லியிருக்கிறாள், ஆறு மணிக்கு வாசலில் கார் வந்துவிடும். எலுமிச்சம்பழத்தை அத்தை இன்னும் பிழியவில்லை. பிலேயாமின் கழுதையும் மூன்று தடவை அடிபட்ட பிறகுதான் வாயைத் திறந்து பேசியது. எங்கள் அப்பாவைக் கழுதை என்று நான் சொல்லவில்லை, ஆனால் அந்த மூன்றாவது தடவைவரை மேசையை விட்டு நகராமல் நிற்கப் போகிறேன். மாமாவும் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.